வாய்தா சிநேகிதிகள்

கல்யாணச் சீர் போவதைத் தெருவே வாசலில் நின்று பார்க்கும். அதே சீர் திரும்பி வரும்போதும் பார்க்கும், ஆனால் ஜன்னலோடு நின்றுகொள்ளும். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவுக்குள் ஒருநாள் மதியம் அப்படி ஒரு மீன்பாடி வண்டி வந்தது. ஸ்டீல் பீரோ, கழற்றிய கட்டில், கிரைண்டர், சாக்கில் கட்டிய பாத்திரங்கள். பெண்ணின் அம்மா கையில் லிஸ்ட்டோடு நின்று ஒவ்வொன்றாக டிக் அடித்தார். ஒரு குத்துவிளக்கு குறைந்தது. அதற்காகச் சாயந்திரம் வரை போனில் சண்டை நடந்தது.

அந்த அம்மா போட்ட சண்டைக்குச் சட்டம் துணை உண்டு. சீதனமாக வந்த பொருள் பெண்ணுக்கு மட்டுமே சொந்தம், கணவன் வீட்டில் இருப்பதாலேயே அது கணவனுடையது ஆகிவிடாது என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பீரோவுக்கு, நகைக்கு, ஜீவனாம்சத்துக்கு, குழந்தைக்கு எல்லாம் கணக்கு இருக்கிறது. எந்த லிஸ்ட்டிலும் ஏறாத ஒரு நஷ்டம், அவளுடைய சிநேகிதிகள்.

கொருக்குப்பேட்டையில் பிறந்து எர்ணாவூரில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத் தோழிகள் கல்யாணத்தோடு ஆளுக்கு ஒரு திசையில் போய்விட்டார்கள். புது வீட்டில் கிடைத்தவர்கள் நாத்தனார், ஓரகத்தி, வீட்டுக்காரரின் நண்பனுடைய மனைவி, பக்கத்து வீட்டு அக்கா. பத்து வருஷத்தில் நெருக்கம் எல்லாம் இவர்களோடுதான். பிரிவு வந்ததும் அத்தனை பேரும் ஒரே நாளில் 'அந்தப் பக்கத்து ஆள்' ஆகிவிடுகிறார்கள். அவர்களில் நல்லவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் ஓரகத்தி எப்படிப் பேசுவாள்? பேசினால் அவள் வீட்டில் அடி விழும். கணவன் வழியாக வந்த உறவு என்பதால் முறைப்பெயர்களும் அவனோடே போய்விடுகின்றன. நேற்றுவரை 'அண்ணி' என்று கூப்பிட்டவள் இன்று பஸ் ஸ்டாப்பில் எதிரே வந்தால் என்ன சொல்லிக் கூப்பிடுவாள்? அதனாலேயே ஒன்றும் சொல்லாமல் போகிறாள்.

அம்மா வீட்டுக்கு வந்தாலும் அங்கே அண்ணன் மனைவியின் கணக்கு ஒன்று ஓடுகிறது. வளைகாப்பில் வளையல் அடுக்கக் கூப்பிடும் வரிசையில் இவள் பெயர் வராது. மஞ்சள் நீராட்டில் சமையல்கட்டுப் பக்கம் ஏதாவது வேலை கொடுத்துவிடுவார்கள். யாரும் வாய்விட்டு வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். 'நீ அந்த ஐஸ்கிரீம் வந்துச்சான்னு பாத்துட்டு வாயேன்' என்பார்கள், அவ்வளவுதான்.

இவளை என்ன பெயரால் அழைப்பது என்பதிலேயே நம் மொழி தடுமாறுகிறது. கணவன் இறந்தவளை விதவை என்றார்கள். அந்தச் சொல்லில் பொட்டு இல்லை, 'கைம்பெண்' என்று எழுதினால் இரண்டு பொட்டு கிடைக்கிறது என்று கலைஞர் சொன்னதாகப் பல தடவை கேட்டிருக்கிறோம். கணவனை விட்டு வந்தவளுக்கு அப்படி யாரும் உட்கார்ந்து யோசித்து ஒரு சொல் தரவில்லை. இருப்பது 'வாழாவெட்டி' என்ற வசவு. அப்புறம் 'விவாகரத்து'. விவாகம் வடமொழி, ரத்து உருது வழியாக வந்தது. ரயில் ரத்து, டிக்கெட் ரத்து, விவாகம் ரத்து. எங்கள் பக்கத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை. 'அத்துக்கினு வந்துட்டா' என்பார்கள். அந்தப் பேச்சுக்குள் ஒரு பழைய வழக்கம் ஒளிந்திருக்கிறது.

தமிழ்நாட்டின் பல சமூகங்களில் பஞ்சாயத்தில் உட்கார்ந்து, தாலியைக் கழற்றிக் கொடுத்து, தீர்த்துக்கொண்டு, வேறு கல்யாணம் செய்துகொள்வது நடைமுறையாக இருந்தது. அறுத்துக் கட்டுவது என்று அதற்குப் பெயர். மேல்சாதிப் பழக்கத்தை அளவுகோலாக வைத்தவர்கள் இதையே இழிவாகச் சொல்லிக் காட்டினார்கள். ஆக, விவாகரத்து மேல்நாட்டிலிருந்து வந்த நாகரிகம் என்று மேடையில் முழங்குபவர்களுக்குத் தங்கள் ஊர் வரலாறே தெரியவில்லை என்றுதான் அர்த்தம். சட்டம்தான் பின்னால் வந்தது. இந்துக்களுக்கு மணவிலக்கு உரிமை தந்த சட்டம் சென்னை மாகாணத்தில் 1949-இல் வந்தது. நாடு முழுக்க 1955-இல் இந்து திருமணச் சட்டம். சாதி வழக்கப்படி தீர்த்துக்கொள்வது செல்லும் என்று அந்த 1955 சட்டமே ஒத்துக்கொள்கிறது, வழக்கத்தை நிரூபிக்க வேண்டும், அவ்வளவே. ஒருவர் மேல் ஒருவர் குற்றம் சாட்டாமல் பரஸ்பர சம்மதத்தில் பிரிய 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ராயபுரம், காசிமேடு பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்களுக்கோ 2001 வரை.

இத்தனை சட்டம் இருந்தும் காகிதம் இல்லாமல் பிரிந்திருப்பவர்களே அதிகம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க விவாகரத்தானவர்கள் என்று பதிவானவர்கள் சுமார் 13.6 லட்சம் பேர். பிரிந்து வாழ்பவர்கள் அதைப்போல் இரண்டரை மடங்கு. இரண்டு கணக்கிலும் ஆண்களைவிடப் பெண்களே கூடுதல். ஆண் சீக்கிரம் மறுமணம் செய்துகொண்டு மறுபடியும் 'மணமானவர்' கட்டத்துக்குள் போய்விடுகிறான். பெண் அதே கட்டத்தில் நின்றுகொண்டிருக்கிறாள். வடசென்னையில் கேட்டுப் பாருங்கள், 'டைவர்ஸ் ஆயிடுச்சா?' என்றால், 'அதெல்லாம் கோர்ட்டுக்கு யாரு அலையறது, தனியாதான் கீறேன்' என்ற பதில்தான் பெரும்பாலும் வரும்.

அலையத் துணிந்தவர்கள் போகும் இடம் பாரிமுனை. உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் குடும்ப நீதிமன்றங்கள் இருக்கின்றன. 2021-இல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு திருவொற்றியூர்க்காரர்கள் ஏறினால் உயர் நீதிமன்ற நிலையத்திலேயே இறங்கலாம். ஆனால் காசு கொடுத்து மெட்ரோவில் வருபவர்களைவிட பெண்களுக்குக் காசில்லாத வெள்ளை போர்டு பஸ்ஸுக்குக் காத்திருந்து வருபவர்களே அதிகம்.

அந்த நீதிமன்ற வராந்தாவைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

காலை பத்தரைக்கு உள்ளே போனால் டவாலி பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். சில நாள் பதினொன்றுக்குக் கூப்பிடுவார்கள், சில நாள் மூன்றரைக்கு. கூப்பிட்டு, இரண்டு நிமிஷத்தில் அடுத்த வாய்தா தேதி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பரஸ்பர சம்மத வழக்கு என்றாலே ஒரு வருஷம் பிரிந்து இருந்துவிட்டு மனு போட வேண்டும், அப்புறம் ஆறு மாதம் யோசிக்க அவகாசம். அந்த ஆறு மாதம் கட்டாயமில்லை, தேவைப்பட்டால் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இனி சேரவே முடியாது என்ற நிலையில் உள்ள திருமணத்தைத் தன் சிறப்பு அதிகாரத்தால் தானே முடித்துவைக்கலாம் என்று 2023-இல் சொன்னது. ஆனால் அது டெல்லி வரை போக முடிந்தவர்களுக்கான கதவு. மற்றவர்களுக்குப் பாரிமுனை வராந்தாதான், எதிர்த்தரப்பு முரண்டு பிடித்தால் வருஷக்கணக்கில்.

அந்த பெஞ்சில் வியாசர்பாடியும் எண்ணூரும் புளியந்தோப்பும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகின்றன. வெளியே ஒரு பெண்ணிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, 'என்னாச்சு, ஏன் வந்துட்ட?' இங்கே யாரும் அதைக் கேட்பதில்லை. முதல் கேள்வி, 'மியூச்சுவலா, கன்டெஸ்ட்டா?' இரண்டாவது, 'உங்க வக்கீல் எவ்ளோ வாங்கறாரு?' ஒரு பெண் வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் பிரிவை ஒரு சாதாரண வேலை மாதிரிப் பேசுவது அந்த பெஞ்சில்தான். அழாமல் பேச முடியும் என்பதே சிலருக்கு அங்கேதான் தெரிகிறது.

அதற்கப்புறம் வேலை நடக்கிறது. ஒருத்தி உள்ளே போகும்போது இன்னொருத்தி குழந்தையைப் பிடித்துக்கொள்கிறாள். வருமானம், சொத்து, செலவு எல்லாவற்றையும் இரண்டு தரப்பும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் விதித்த பிறகு பெண்கள் கையில் காகிதக் கட்டு பெரிதாகிவிட்டது. எந்தக் காகிதம் எங்கே என்று முன்னால் அனுபவப்பட்டவள் சொல்லித் தருகிறாள். ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கு என்பதும் அந்தத் தீர்ப்பில்தான் வந்தது. அதையும் வக்கீலுக்கு முன்னால் பெஞ்சில் இருப்பவள் சொல்லிவிடுகிறாள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்கு இலவச சட்ட உதவி உண்டு என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பாதிப் பேருக்கு அது தெரிவது வழக்கு நடுவில், இப்படிப் பக்கத்து ஆள் வாயால். குலா, அதாவது மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கு, அதற்கான சான்றிதழ் கையில் இருந்தால் போதும் என்று நம்பி வந்த இஸ்லாமியப் பெண்ணுக்கும் அப்படித்தான்; தனியார் அமைப்புகள் தரும் சான்று செல்லாது, குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் வர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் சொல்லிவிட்டது.

அடுத்த மாத வாய்தாவில் மறுபடி பார்க்கிறார்கள். நம்பர் வாங்கிக்கொள்கிறார்கள். ஆறாவது வாய்தாவில் ஒருத்தி இரண்டு டப்பா சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிறாள். வழக்கு இழுப்பதை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறோம். அதனால் நடந்த ஒரே நல்ல காரியம் இந்தச் சிநேகம்தான் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்த இரண்டு பேர், ஒருத்திக்குத் தீர்ப்பு வந்த அன்று நேராகப் பர்மா பஜார் பக்கம் நடந்து போய் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். கேஸ் முடிந்தவள் காசு கொடுத்தாள். முடியாதவள் முட்டை இரண்டு சேர்த்துப் போடச் சொன்னாள்.

நம் பழைய அகப்பாடல்களில் தோழி இல்லாமல் கதையே நகராது. தலைவியைத் தலைவனிடம் சேர்த்துவைப்பவள் என்றே பாடத்தில் படித்துவிட்டு வந்துவிடுகிறோம். பரத்தையிடம் போய்விட்டுத் திரும்பும் கணவனை வாசலிலேயே நிறுத்தி, உள்ளே விடமாட்டேன் என்று சொல்பவளும் அதே தோழிதான். வாயில் மறுத்தல் என்று அதற்குத் துறையே இருக்கிறது. அந்தத் தோழி எங்கே போனாள் என்று தேடினால், வராந்தாவில் அடுத்தவள் குழந்தைக்கு பிஸ்கட் ஊட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

தீர்ப்பு வந்துவிட்டால் முடிந்தது என்று ஆண்கள் நினைக்கிறார்கள். பெண்ணுக்கு அப்போதுதான் காகித வேலை தொடங்குகிறது. ரேஷன் கார்டில் பழைய வீட்டிலிருந்து பெயர் நீங்கினால்தான் புதிய கார்டு. அதுவரை அம்மா வீட்டுக் கார்டிலும் சேர முடியாது. சேர்ந்தாலும் மகளிர் உரிமைத் தொகை ஒரு கார்டுக்கு ஒருவருக்குத்தான். 2023 செப்டம்பரில் தொடங்கிய அந்த 1,000 ரூபாய் அம்மாவுக்கு வந்தால் இவளுக்கு இல்லை. கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கான மாத உதவித்தொகை, 2023-இல் 1,200 ரூபாய் ஆனது, அதை வாங்க 30 வயது ஆகியிருக்க வேண்டும். கோர்ட்டு காகிதம் இல்லாவிட்டால் ஐந்து வருஷம் கைவிடப்பட்டிருக்க வேண்டும். முதல் ஐந்து வருஷம்தான் கஷ்டமே என்று யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். 2022-இல் அமைத்த நல வாரியத்தில் கைம்பெண்களோடு கைவிடப்பட்ட பெண்களையும் சேர்த்தது சரியான காரியம்.

இனிஷியல் இன்னொரு தொல்லை. கல்யாணத்துக்கு முன் அப்பா எழுத்து, பின் ஆதாரில், பேங்க் பாஸ்புக்கில் கணவன் எழுத்து. இப்போது எது? சர்டிபிகேட் ஒரு பெயர், ஆதார் ஒரு பெயர் என்றால் வேலைக்குச் சேரும் இடத்தில் மூன்று தடவை விளக்கம் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டில் மட்டும் 2016 கடைசியில் வந்த மாற்றத்தால் விவாகரத்தானவர் கணவன் பெயரையோ தீர்ப்பு நகலையோ தரத் தேவையில்லை. தண்டையார்பேட்டையில் எத்தனை பேர் பாஸ்போர்ட் எடுக்கப்போகிறார்கள் என்பது வேறு விஷயம்.

வாடகை வீடு தேடும்போது 'வூட்டுக்காரரு இன்னா பண்றாரு?' என்பதைத் தாண்டி யாரும் உள்ளே போகமுடியாது. 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது; ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் சரி என்று அதுவே ஓட்டையும் வைத்திருக்கிறது. தனிப் பெண்ணிடம் அந்த ஓட்டை வழியாகத்தான் பேசுவார்கள். இங்கே சிநேகிதி என்பவள் ஆறுதல் சொல்பவள் மட்டும் இல்லை. 'எனக்குத் தெரிஞ்ச பொண்ணுதான், நான் பொறுப்பு' என்று ஹவுஸ் ஓனரிடம் சொல்பவள். வடசென்னையில் அந்த ஒரு வாக்கு மூன்று மாத அட்வான்ஸுக்குச் சமம். சிநேகத்தை மனசு சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் பேசுபவர்கள் ஜாமீன் தேவைப்படாத வாழ்க்கை வாழ்ந்தவர்கள் என்று எனக்குத் தோன்றும்.

வேலைக்கும் அதே கதைதான். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் ஒரு கூடை மீனை ஒருத்தியால் எடுக்க முடியாது. நாலைந்து பேர் சேர்ந்து எடுத்து, கூறு போட்டுப் பிரித்து, ஒரே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவார்கள். புதிதாக வருபவளை அந்த நாலு பேர் சேர்த்துக்கொண்டால்தான் வியாபாரம். எம்.சி. ரோடு துணிக்கடையில் சேல்ஸ் வேலையும், ஆஸ்பத்திரி ஹவுஸ்கீப்பிங்கும் அப்படி ஒருத்தி சொல்லி ஒருத்தி சேர்வதுதான். 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனது இந்த விஷயத்தில் நினைத்ததைவிடப் பெரிய காரியம். அண்ணனிடம் பஸ் காசு கேட்க வேண்டியதில்லை. எங்கே போகிறாய் என்ற கேள்வி காசோடு சேர்ந்து வருவது. காசு கேட்காதபோது கேள்வியும் பாதியாகிறது. ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூரிலிருந்து பெரம்பூர் போய் ஒரு சிநேகிதியைப் பார்த்துவிட்டு வர முடிகிறது என்பதை எந்த அரசுக் குறிப்பிலும் பலனாக எழுதமாட்டார்கள். பிங்க் ஆட்டோ, சுயஉதவிக் குழு இரண்டிலும் இப்படிப்பட்ட பெண்கள் நிறைய இருக்கிறார்கள். பன்னிரண்டிலிருந்து இருபது பேர் சேரும் குழுவில் கடனுக்குக் குழுவே ஜாமீன் என்பதால், தினமும் வாசலில் வந்து நிற்கும் தண்டல்காரரிடம் கை நீட்டாமல் தப்பிக்கலாம்.

இதையெல்லாம் தேன் தடவிச் சொல்லக்கூடாது. சீட்டுப் பணத்தில் உடைந்த சிநேகங்கள் எங்கள் தெருவிலேயே மூன்று உண்டு. ஜாமீன் கையெழுத்துப் போட்டவள் நகையைச் சேட்டுக் கடையில் வைத்து அடைத்துவிட்டு, இன்றுவரை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் போகிறாள். வராந்தாவில் சொன்ன ரகசியம் எதிர்த்தரப்பு வக்கீல் வாய்க்குப் போனதும் உண்டு. கல்யாணமான சிநேகிதியின் வீட்டில், 'அவ கூட சேராத, உன்னையும் கெடுத்துடுவா' என்று சொல்லும் கணவன்கள் இருக்கிறார்கள். அப்படிச் சொல்லும் மாமியார்களும் இருக்கிறார்கள், அதில் ஒரு மாமியார் இளவயதில் தானே அறுத்துக் கட்டியவர். கூவம், பக்கிங்காம் கால்வாய்க் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்களுக்கு வீட்டோடு இந்த வலையும் அறுந்தது. இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்துகொண்டு யாரும் யாருக்கும் குழந்தை பார்த்துக்கொள்ள முடியாது.

மறுமணம்? சிலர் செய்துகொள்கிறார்கள், நன்றாகவும் இருக்கிறார்கள். ஆனால் புது வாழ்க்கை என்றதும் அடுத்த மாப்பிள்ளையைப் பற்றிப் பேசுவது வீட்டுப் பெரியவர்களின் அவசரம். அந்தப் பெண்களிடம் கேட்டால் புது வாழ்க்கை என்று அவர்கள் சொல்வது வேறு மாதிரி இருக்கிறது. சொந்தமாக ஒரு கேஸ் கனெக்ஷன். தன் பெயரில் ஒரு ரேஷன் கார்டு. ராத்திரி காய்ச்சல் வந்தால் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட வர ஒரு ஆள்.

மீன்பாடி வண்டியில் வந்த பாத்திரங்கள் மூன்று வருஷம் சாக்கிலேயே கிடந்தன. எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருந்தது, அவள் பெயரும் அவன் பெயரும் சேர்த்து. எவர்சில்வரில் வெட்டிய பெயர் போகாது, தேய்த்தாலும் தடம் தெரியும். அவளோடு அத்தோ சாப்பிட்ட அந்தச் சிநேகிதியின் பெண் போன வருஷம் வயசுக்கு வந்தாள். சடங்குக்கு இவள் சாக்கைத் தூக்கிக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போனாள். பழசை எடைக்குப் போட்டுப் புதுசாக ஒரு பெரிய குடமும் நாலு தட்டும் எடுத்தாள். நானும் கூடப் போயிருந்தேன்.

கடைக்காரர் பெயர் வெட்டும் மெஷினை எடுத்துக்கொண்டு, யார் பேர் போடணும் என்று கேட்டார்.

"சித்தின்னு போடுங்க."

"இனிஷியல்?"

"இனிஷியல் வேணாண்ணா."